தொட்டிலில் ஏறிய பள்ளிக்கூடம்

இரத்தோட்டையிலிருந்து மேலே ஏறுகிற பஸ், இதற்கு மேல் என்னால் ஆகாது என்று பெருமூச்சு விட்டு நின்றுவிடும் இடத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து இன்னும் ஒரு மலை நடந்தால் புளியங்கந்தைத் தோட்டம். அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவள்தான் சூசையம்மா.

பிள்ளைக்காம்பரா என்றால் பெரிய மாளிகை ஒன்றுமில்லை. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற நீட்டுக் கட்டடம். தகரக் கூரை. கூரையின் கைமரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். ஒரு மூலையில் கஞ்சி அடுப்பு. சுவரில் அந்தோனியார் படம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் யாரோ கொண்டுவந்து மாட்டிய முருகன் படம் ஒன்று. இரண்டு பேருக்கும் ஒரே ஆணி.

அந்தோனியார் கையில் எப்போதும் ஒரு குழந்தை இருக்கும் அல்லவா? அதனால் அவரைத் தன் தொழில்காரர் என்றே சூசையம்மா எண்ணியிருந்தாள். "அவரும் நம்ம வேலதான் பாக்குறாரு. ஆனா அவருக்கு ஒரே புள்ள. எனக்கு முப்பது. அதோட அவரு புள்ள அழாது, மூத்திரம் பேயாது" என்பாள். பங்குச் சாமியார் ஒருமுறை இதைக் கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பி இருமினார். சிரித்தார் என்றும் சொல்கிறார்கள்.

அவள் பிறந்ததும் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான். கட்டிக்கொண்டது சவரிமுத்து என்ற ஒருவனை. அவன் ஒரு மாசிமாதம் மாத்தளைத் தேர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். தேர் வீதி சுற்றித் திரும்பிவிட்டது. சவரிமுத்து திரும்பவில்லை. கொஞ்சநாள் அழுதாள். பிறகு, "வேதக்காரனுக்குத் தேர்ல என்ன வேல? அதான் ஆண்டவர் வழிய மறைச்சிட்டாரு" என்று முடித்துவிட்டாள். பிள்ளை இல்லை. கொழுந்து மலையில் தண்ணீர் ஓடும் கான் ஒன்றில் வழுக்கி இடது கை முறிந்தது. ஒட்டிய கை நேராக ஒட்டவில்லை. ஒரு கையால் கொழுந்து பறித்தால் கூடை நிறையாது என்று, அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைசாணி, தோட்டத்துத் துரையின் மனைவி, அவளைப் பிள்ளைக்காம்பராவில் போட்டாள். கோணல் கை பிள்ளையை இடுப்பில் வைக்கத் தோதாக இருந்தது. ஆண்டவர் அளவெடுத்தே உடைத்திருக்கிறார் என்று சூசையம்மா நம்பினாள்.

பிள்ளைக்காம்பராவுக்கு ஒரு சட்டம் இருந்தது. பிள்ளைக்கு ஐந்து வயது ஆகி, தோட்டப் பள்ளிக்கூடத்தில் பெயர் பதிந்துவிட்டால், அதற்குப் பிறகு அது பிள்ளைக்காம்பராவுக்குள் கால் வைக்கக் கூடாது. தாய்மாரோ விடியும் முன்பே ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறிவிடுவார்கள். பள்ளிக்கூட மணி அடிக்க நெடுநேரம் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டாலும் கொழுந்து நிறுத்து முடித்துத் தாய் வீடு வர அந்தியாகிவிடும். இடையில் அந்தப் பிள்ளை எங்கே நிற்பது? சட்டம் எழுதியவருக்கு அது தெரியவில்லை. அவர் பிள்ளையை ஆயாக்கள் வளர்த்திருப்பார்கள்.

"அஞ்சு வயசு முடிஞ்ச மறுநா காலையில முதுகுல றெக்க மொளைக்குதாக்கும்" என்று சூசையம்மா கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொல்லுவாள். சொல்லுவாளே தவிர, சட்டத்தின்மேல் கை வைக்கவில்லை. புஷ்பவதி வரும்வரை.

புஷ்பவதி கொழுந்துக்காரி. புருஷனுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. அவன் அவளுக்கும் முன்னால் போய்விடுவான். சின்னவன் பிள்ளைக்காம்பராத் தொட்டிலில். மூத்தவள் கமலவேணி, ஏழு வயது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை. காலையில் அவளை லயத்துக் காம்பராவுக்குள் விட்டு வெளியே கொண்டி போட்டுவிட்டுப் போவார்கள். மணி அடித்ததும் பக்கத்துக் காம்பராக் கிழவர் கொண்டியைத் திறந்து விடுவார். ஒருநாள் கமலவேணி தேத்தண்ணி வைக்கிறேன் என்று அடுப்பை மூட்டி, தேத்தண்ணிக்குப் பதிலாக விளக்குமாற்றைக் கொளுத்திவிட்டாள். புகையைப் பார்த்துக் கிழவர் திறந்ததால் பிள்ளை தப்பியது.

அன்று சாயந்தரம் சின்னவனைத் தூக்க வந்த புஷ்பவதி, வாசலிலேயே நின்று மூக்கைச் சிந்தினாள்.

"மாத்தளையில ஒரு வீட்டுல கேக்குறாங்கக்கா. ஐயாவும் அம்மாவும் ரெண்டு பேருமே கந்தோர் வேலைக்குப் போறவங்களாம். அவுங்க புள்ளயப் பாத்துக்க ஒரு புள்ள வேணுமாம். இவள அங்க விட்டுறலாம்னு இவுங்கப்பா சொல்றாரு."

சூசையம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் கையில் இருந்த கஞ்சி அகப்பையைப் புஷ்பவதியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அடியே, ஒம்புள்ளயப் பாக்க ஆளில்லன்னு, ஒம்புள்ளய இன்னொருத்தி புள்ளயப் பாக்க அனுப்பப் போறியா? அவளுக்கே மூக்கு வடியுது. அவ அந்தப் புள்ள மூக்க எதுல தொடைப்பா?"

"வேற என்னக்கா செய்ய? நெருப்புல வேக விடச் சொல்றீங்களா?"

"நாளைக்குக் காலையில சின்னவனோட அவளையும் கொண்டா."

"தொரை சட்டம்?"

"தொரை ஆறு மணிக்கு எந்திரிக்கிறாரா? எந்திரிச்சா அப்ப பாப்பம்."

இப்படித்தான் தொடங்கியது. ஒரு கமலவேணி வந்தால் மற்றத் தாய்மாருக்கு மட்டும் கண் இல்லையா? மறுவாரத்துக்குள் ஏழு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அவர்களில் மூத்தவன் தங்கையா, எட்டு வயது, சாப்பாட்டில் பன்னிரண்டு வயது. காலையில் எல்லாருக்கும் முகம் கழுவி, பேன் பார்த்து, தலை வாரி, ஆளுக்கொரு ரொட்டித் துண்டு கொடுத்து, வரிசையாக நிற்கவைத்து சூசையம்மா ஒரு மாதா செபம் சொல்லுவாள். பிள்ளைகளும் சொல்லும். ஏழில் ஆறு சைவப் பிள்ளைகள். செபம் முடிந்ததும் "ஆமென்" என்று ஒன்றும், "அரோகரா" என்று ஆறும் கத்தும். சூசையம்மா திருத்தப் பார்த்து அலுத்துவிட்டாள். மாதா தாய் அல்லவா, பிள்ளை எந்தப் பாஷையில் கத்தினாலும் அவளுக்கு விளங்கும் என்று விட்டுவிட்டாள்.

இது தோட்டத்து டாக்டரையா நோபர்ட்டுக்குத் தெரியும். பிள்ளைக்காம்பரா அவர் பொறுப்பு. நல்ல மனிதர், ஆனால் துரையின் தொப்பியைத் தூரத்தில் கண்டாலே வேறு பாதையில் திரும்பிவிடும் மனிதர். வாசலில் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல சூசையம்மா. கண்ணாடி இல்லாம நான் குருடன்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அப்படியே போயிருக்கும். வெள்ளைக்காரத் துரை போய் நம் நாட்டுத் துரை வந்தார். ஆள் மாறினாரே தவிர தொப்பி மாறவில்லை. புதுத் துரை எதையும் நேரில் பார்க்கிறவர். மோட்டார் சைக்கிளில் எந்த நேரமும் எங்கேயும் வந்து நிற்பார். வந்த மாதமே பிள்ளைக்காம்பராவைப் பற்றி உத்தரவு போட்டார். டாக்டரையா அதைக் கொண்டுவந்து சொன்னார்.

"அஞ்சு வயசுக்கு மேல ஒரு புள்ள உள்ள நின்னாலும் ஆயாவ மாத்தச் சொல்லியிருக்காரு. வெளங்குதா?"

"நல்லா வெளங்குது டாக்டரையா. உள்ள 'நின்னா'தானே?"

டாக்டரையா கண்ணாடியைக் கழற்றினார்.

அது ஒரு மழைக்காலைப் பொழுது. பிள்ளைகள் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தன. ஸ்டோர் வளைவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குப் புளியங்கந்தையில் நாய்கூட வாலை மடக்கும். வெளியே ஓடவிட்டால் துரை வருகிற ஒற்றைப் பாதையில்தான் பிள்ளைகள் ஓட வேண்டும். சூசையம்மா அந்தோனியாரைப் பார்த்தாள். அவர் தன் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொட்டில்ல ஏறுங்கடா!" என்றாள்.

ஏழு தொட்டில்களில் கிடந்த கைப்பிள்ளைகளை அள்ளி அடுப்படிப் பக்கம் பாயில் வரிசையாக உருட்டினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏழும் தொட்டிலுக்கு ஒன்றாக ஏறின. சேலையின் இரண்டு ஓரங்களையும் இழுத்து மூடினாள். கமலவேணி சின்னப் பெண், சுருண்டு படுத்துவிட்டாள். தங்கையாதான் சிரமம். தலையை உள்ளே தள்ளினால் கால் வெளியே வந்தது. காலை மடக்கினால் முழங்கால் வெளியே வந்தது. கைமரம் கிறீச்சிட்டது. அவன் தொட்டில் தரையைத் தொட நாலு விரல்தான் பாக்கி. "மூச்சு விடாத" என்று அவன்மேல் ஒரு துப்பட்டியைப் போட்டாள்.

துரை உள்ளே வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். எல்லாத் தொட்டிலும் நிறைந்து தொங்குவதைப் பார்த்து முகம் மலர்ந்தார். ஒரு தொட்டிலைக் கையால் மெல்லத் தள்ளினார். தொட்டில் அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார்.

"நல்லாப் பாரமா இருக்கு" என்றார். "நான் குடுக்கச் சொன்ன பால்மா வேல செய்யுது."

"ஆமாங்க தொரை" என்றாள் சூசையம்மா. பொய் சொல்லக் கூடாது என்று வேதம் சொல்கிறது. பாரம் என்பது பொய்யில்லை. பால்மா வேலை செய்கிறது என்பதும் பொய்யில்லை. மற்றதை அவர் கேட்கவில்லை.

துரை திருப்தியாகத் திரும்பி வாசல்வரை போய்விட்டார். ஆண்டவரே, இன்னும் இரண்டு எட்டு! அப்போது பார்த்துக் குடையும் தானுமாக மூச்சிரைக்க ஓடிவந்தார் டாக்டரையா நோபர்ட். துரையைக் கண்டதும் குடையைக் கீழே போட்டுவிட்டு விறைத்து நின்றார்.

"குட் மார்னிங் சேர்!"

"குட் மார்னிங்" என்றார் துரை, கணீரென்று.

தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் வேறு எதைச் சொல்லிக்கொடுத்தாரோ இல்லையோ, இதைப் பிரம்பு வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். பெரிய மனிதர் ஒருவர் குட் மார்னிங் என்றால் எழுந்து நின்று, எல்லாரும் ஒன்றாக, இழுத்துச் சொல்ல வேண்டும்.

"குட்... மார்... னிங்... சேர்ர்ர்!" என்று ஏழு தொட்டில்களும் பாடின.

அதோடு விட்டதா? எழுந்து நிற்கவும் வேண்டுமே. சேலை மடிப்புகளுக்குள்ளிருந்து எண்ணெய் பூசிய தலைகள் ஒவ்வொன்றாக எழும்பின. தங்கையா விறைப்பாக எழுந்து நிற்கப் பார்த்தான். சேலை பர்ரென்று கிழிந்தது. வெள்ளைச் சட்டையும் நீலக் காற்சட்டையும் கையில் சிலேட்டுமாக அவன் துரையின் சப்பாத்தின்மேல் வந்து விழுந்தான். டாக்டரையா சிலுவை போட்டுக்கொண்டார்.

துரை குனிந்து பார்த்தார். "இந்தக் கைப்புள்ளைக்கு என்ன வயசு?"

"எட்டு வயசு சேர்! ரெண்டாம் வகுப்பு சேர்!" என்றான் தங்கையா, பளிச்சென்று. கேள்வி கேட்டால் நிறுத்தாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதும் மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததுதான்.

"தொரை, தாயி மலைக்குப் போயிட்டா எல்லாமே கைப்புள்ளதாங்க" என்றாள் சூசையம்மா.

துரை சிரிக்கவில்லை. "நாளையில இருந்து பள்ளிக்கூடத்துப் புள்ள ஒண்ணுகூடப் பிள்ளைக்காம்பராவுல இருக்கக் கூடாது. இருந்தா, நீ இங்க இல்ல. லயத்துக் காம்பராவும் இல்ல" என்றார். மோட்டார் சைக்கிள் போன பிறகும் வெகுநேரம் அந்தச் சத்தம் அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

சாயந்தரம் புஷ்பவதி வந்தாள். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒங்களுக்கும் எங்களால தொல்லக்கா. ஞாயித்துக்கெழம அந்த மாத்தள வீட்டுல இருந்து ஆள் வருதாம். கமலத்தக் கூட்டிவிட்டுர்றோம். அவளுக்கும் சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"சிலேட்டக் கொண்டு போகலாமான்னு கேட்டா."

புஷ்பவதி போனதும் சூசையம்மா அந்தோனியார் முன்னால் போய் நின்றாள். முழங்காலிடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"காணாமப் போன சாவியக் கேட்டா ஒடனே எடுத்துத் தாறீங்க. காணாமப் போகப் போற புள்ளையக் கேட்டா மேலயும் கீழயும் பாக்குறீங்க. நான் என்ன தங்கமா கேட்டேன்? ஒரு எடம் கேட்டேன். ஏழு புள்ள நிக்கிற எடம். பிள்ளைக்காம்பராவுல நிக்கக் கூடாதுங்கிறாரு. லயத்துல விட்டா வேகுது. ரோட்டுல விட்டா லொறி வருது. மலையில..."

அங்கேயே நின்றுவிட்டாள். மலையில் நிற்கக் கூடாது என்று துரை சொல்லவில்லை.

அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு, முருகனுக்கும் பாரபட்சம் வேண்டாமென்று அதையே இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு, பீலிக்கு ஓடினாள். தாய்மார் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்பது குடங்களுக்குத்தான் தெரியும். ஆனால் ரொம்பச் சிரித்தார்கள்.

மறுநாள் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை செல்லச்சாமி தலையை நிமிர்த்தினார். செல்லச்சாமி பெரிய மீசைக்காரர், கொழுந்து மலைக்கு அவர்தான் சட்டம். ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பன், ஒன்றையும் இடுப்பில் வைத்தறியாதவர். அவர் முன்னால் கூடையோடு ஏழு பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பிள்ளை, சிலேட்டும் கையுமாக.

"என்ன இது, திருவிழாவா?"

"இல்லீங்க ஐயா, பெரட்டு" என்றாள் புஷ்பவதி. "புள்ளைங்க பிள்ளைக்காம்பராவுல இருக்கக் கூடாதுன்னு தொரை சொல்லிட்டாருங்க. அதான் நம்மளோடயே மலைக்கு வருதுங்க."

"பள்ளிக்கூடம்?"

"மணி அடிச்சதும் நீங்க எறக்கி விட்டுருவீங்கல்ல?"

"நானா? நீ எறக்கி விடு!"

"அய்யோ, கொழுந்து நெரைய விட்டு ஒரு எட்டு எறங்கினா அரப்பேரு, பாதிச் சம்பளந்தான்னு நீங்கதானேங்க சட்டம் போட்டீங்க? ஒங்க சட்டத்த நாங்க மீறுவமா?"

மற்ற ஆறு பெண்களும் அதேமாதிரி மீற மாட்டோம் என்று தலையை ஆட்டினார்கள்.

அன்றைக்குச் செல்லச்சாமி பட்ட பாட்டை அவர் மீசையே சொல்லும். மலை ஏறியதும் அட்டை கடித்து ஒன்று கத்தியது. அதைப் பார்த்து ஆறும் கத்தின. "கணக்கப்பிள்ளை மாமா, ஒண்ணுக்கு!" என்றது ஒன்று. அதை மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போய் வருவதற்குள் "எனக்கு ரெண்டுக்கு!" என்றது மற்றொன்று. தங்கையா பத்துமணித் தேத்தண்ணிக்கு வைத்திருந்த அவருடைய ரொட்டியை விடிந்தவுடனேயே முடித்துவிட்டு, "சம்பல் கொஞ்சம் ஒறைப்பு மாமா" என்றான். மணி அடித்தது. ஏழையும் இறக்கிக் கொண்டுபோய் விட்டார். ஏறி வந்தார். பள்ளிக்கூடம் விட்டது. மறுபடி இறங்கினார். மறுபடி ஏழையும் ஏற்றினார். கணக்கப்பிள்ளை இல்லாத மலையில் பெண்கள் முற்றலும் இளசும் பார்க்காமல் கையில் வந்ததைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். ஸ்டோரில் அந்தக் கொழுந்தைப் பார்த்தவர்கள் இது தேயிலையா விறகா என்று கேட்டார்கள்.

இரண்டாம் நாளும் அப்படி. மூன்றாம் நாள் துரை மலைக்கு வந்தார்.

"கணக்கப்பிள்ளை எங்க?"

"கீழ பீலியடியிலங்க தொரை" என்றாள் புஷ்பவதி, நிரையை விட்டு நகராமல்.

துரை எட்டிப் பார்த்தார். செல்லச்சாமி காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, தொப்பியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, ஒரு பிள்ளைக்குப் பின்பக்கம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் தங்கள் முறைக்கு நின்றன.

அன்று சாயந்தரம் பங்களா வாசலில் செல்லச்சாமி நின்ற நிலையைத் துரையின் சமையல்கார அப்பு பார்த்து வந்து லயம் முழுவதும் சொன்னான்.

"தொரை, ஒண்ணு அந்தப் புள்ளைங்கள எடுங்க. இல்லாட்டி என்னைய எடுத்துப் பிள்ளைக்காம்பராவுல போடுங்க. நான் அந்தச் சூசையம்மாகிட்டயே தொட்டில்ல படுத்துக்கிறேன்."

துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாராம். உத்தரவை மாற்றுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாற்ற மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போட்ட உத்தரவை எடுத்தால் தொப்பி சின்னதாகிவிடும் என்று துரைமார் நினைப்பார்கள்போல.

ஆனால் சனிக்கிழமை தச்சுவேலை செய்கிற பாஸ் இரண்டு ஆட்களோடு பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். ஒரு நீட்டு வாங்கு. புதுப் பலகை, பிசின் மணம் போகவில்லை. அதைக் கொண்டுவந்து வெளித்தாழ்வாரத்தில், மழை அடிக்காத பக்கமாகச் சுவரோரம் போட்டார். ஏழு பேர் உட்காரலாம். நெருக்கினால் ஒன்பது.

"எதுக்கு இது?" என்றாள் சூசையம்மா.

"தொரை செய்யச் சொன்னாரு. எதுக்குன்னு சொல்லல" என்றார் பாஸ்.

டாக்டரையா வந்து வாங்கைச் சுற்றி நடந்து பார்த்தார். உள்ளே பார்த்தார், வெளியே பார்த்தார். "உத்தரவு உள்ளதுக்குத்தான். இது வெளிய" என்றார். இந்தமுறை கண்ணாடியைக் கழற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சூசையம்மா வருவதற்கும், மாத்தளை வீட்டு ஆள் பஸ்ஸிலிருந்து இறங்கி மலை ஏறி வருவதற்கும் சரியாக இருந்தது. குடை பிடித்த ஒரு மனிதர். புஷ்பவதி லயத்து வாசலில் நின்றாள். கமலவேணி அவள் சேலைக்குப் பின்னால்.

"புள்ளைய அனுப்பலீங்க" என்றாள் புஷ்பவதி.

"என்னம்மா, சரின்னு சொல்லி அனுப்பினீங்களே? அங்க அம்மா நாளைக்கு வேலைக்குப் போகணும். புள்ளயப் பாக்க ஆளில்ல."

"இவளுக்கும் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணுமுங்க. அதுக்கு முன்னாடி வாங்குல போய் ஒக்காரணும்."

"என்ன வாங்கு?"

அதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். சூசையம்மா அவரைக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அவர் நிற்கவில்லை.

அந்த வீட்டுப் பிள்ளையும் பாவம்தான் என்று அவளுக்குப் பட்டது. அதைப் பார்த்துக்கொள்ள, மூக்கு வடியாத பெரிய ஆளாக யாராவது கிடைக்கட்டும் என்று அன்றைய செபமாலையில் ஒரு மணியை அதற்கென்று ஒதுக்கினாள். ஒன்றுதான். மிச்ச மணியெல்லாம் தன் முப்பதுக்கும் ஏழுக்குமே காணாது.